வீட்டுக் குப்பையும் வாசற்படியும்
(வெளியார் விமர்சனத்தை ரஷ்யர்கள் எதிர்கொண்ட வரலாறு)

பிலாயில் வளர்ந்த நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ரஷ்யர்கள் அந்நியர்கள் அல்லர். 1955-இல் சோவியத் நாட்டோடு ஒப்பந்தம் ஏற்பட்டு, 1959 பிப்ரவரியில் உருக்காலையின் முதல் பிளாஸ்ட் ஃபர்னஸை ராஜேந்திர பிரசாத் தொடங்கி வைத்த காலத்திலிருந்தே அவர்கள் நம் அக்கம்பக்கத்தினர்தான். அப்பாவோடு ஷிப்டில் வேலை பார்த்த ரஷ்ய இன்ஜினியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வருவார். அம்மா வார்க்கும் தோசை என்றால் அவருக்கு உயிர். பேச்செல்லாம் உடைந்த இந்தியும் உடைந்த ஆங்கிலமும்தான்.

ஒருநாள் அப்பா சும்மா இருக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்: "ஸ்டாலின் காலத்துல லட்சக்கணக்குல ஆளுங்களைக் கொன்னாங்களாமே, நிஜமா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அமைதியாகக் கேட்டார்: "உங்க ஊர்ல ஒரு சாதிக்காரன் கிணத்துல இன்னொரு சாதிக்காரன் தண்ணி எடுக்க முடியாதாமே, நிஜமா?"

அப்பா முகம் சுண்டிப்போயிற்று. அம்மா அவசரமாக இன்னொரு தோசையைக் கொண்டுவந்து போட்டு நிலைமையைச் சமாளித்தாள். கிளம்பும்போது அந்த மனிதர் வாசற்படியில் நின்று அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்: "1937-ல எங்க பெரிய மாமாவைக் கூட்டிட்டுப் போனாங்க. திரும்பி வரலை. வீட்டுல நாங்க அதைப் பத்திப் பேசறதில்லை."

கூடத்தில் ஒரு பதில், வாசற்படியில் இன்னொரு பதில். இரண்டையும் சொன்னது ஒரே வாய். அன்று எனக்கு இது விளங்கவில்லை. பின்னாளில் ரஷ்ய வரலாற்றைப் படிக்கப் படிக்க, இந்த இரண்டு பதில்களும் அந்த மனிதரோடு பிறந்தவையல்ல, இருநூற்றைம்பது ஆண்டுப் பழக்கம் என்று தெரிந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

மகாராணி எழுதிய மறுப்பு

1761-ஆம் ஆண்டு சூரியனை வெள்ளிக்கோள் கடந்து சென்றது. அதை அளந்தால் சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம் என்பதால், ஐரோப்பிய விஞ்ஞானிகள் உலகின் மூலை முடுக்கெல்லாம் புறப்பட்டார்கள். பிரெஞ்சுக்காரரான லெ ஜாந்தீல் நம் புதுச்சேரிக்கு வரக் கப்பலேறினார். ஆனால் அதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கரையிறங்க முடியவில்லை. அடுத்த நிகழ்வுக்காக எட்டு ஆண்டு காத்திருந்து, 1769-இல் புதுச்சேரியிலேயே தொலைநோக்கியை நாட்டினார். அன்று பார்த்து மேகம் மூடிக்கொண்டது! பாவம் மனிதர்.

அதே 1761-இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர் எதிர்த்திசையில் போனார். ஷாப் தோத்ரோஷ் என்னும் பாதிரியார் சைபீரியாவின் தொபோல்ஸ்க் நகருக்குப் பனிச்சறுக்கு வண்டியில் சென்று வெற்றிகரமாக ஆய்வை முடித்தார். முடித்துவிட்டு அத்தோடு நின்றாரா? பாரிஸ் திரும்பி, 1768-இல் படங்களோடு பெரிய பயண நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் வானியல் கொஞ்சம், வசவு நிறைய. பண்ணை அடிமைகளின் நிலை, குடிப்பழக்கம், சவுக்கடித் தண்டனை எல்லாவற்றையும் விரிவாக எழுதியிருந்தார்.

அப்போது ஆட்சியில் இருந்தவர் இரண்டாம் கேத்தரீன். வால்டேரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். ஐரோப்பா தன்னை அறிவொளி பெற்ற அரசியாகக் கருதவேண்டும் என்று பாடுபட்டவர். 1770-இல் "மாற்று மருந்து" என்று பொருள்படும் தலைப்பில் பிரெஞ்சு மொழியிலேயே ஒரு மறுப்பு நூல் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. எழுதியவர், அல்லது முன்னின்று எழுதுவித்தவர், மகாராணியே என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு.

அந்த மறுப்பில் மூன்று ஆயுதங்களைப் பார்க்கலாம். ஒன்று, "உனக்கு என்ன தெரியும்?" மூடிய வண்டிக்குள் உட்கார்ந்து பனிக்காலத்தில் விரைந்து போனவர் நாட்டைப் பார்த்தது எப்போது என்ற கேலி. இரண்டு, "உன் ஊரில் மட்டும் என்ன வாழுது?" பிரான்சின் கொடுமைகளை எடுத்துப் போடுவது. மூன்று, "உன் உள்நோக்கம் எங்களுக்குத் தெரியும்." ரஷ்யாவின் வளர்ச்சி பொறுக்காமல் எழுதியது என்பது. அதன்பிறகு வந்த பதில்களில் எதை எடுத்துப் பார்த்தாலும் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. மறுப்பில் சொன்னவற்றில் உண்மையும் உண்டு. பாதிரியார் அவசரக்காரர்தான், பிரான்சிலும் கொடுமைகள் இருந்தனதான். ஆனால் பண்ணை அடிமைமுறை ரஷ்யாவில் ஒழிந்தது 1861-இல். பாதிரியார் வந்துபோய்ச் சரியாக நூறு ஆண்டு கழித்து. மறுப்பு நூலால் ஓர் அடிமையின் முதுகில்கூட ஓர் அடி குறையவில்லை.

வெளியே ஒருவர், உள்ளே ஒருவர்

1839-இல் கூஸ்தீன் என்ற பிரெஞ்சுப் பிரபு ரஷ்யா வந்தார். பிரெஞ்சுப் புரட்சியில் பாட்டனையும் தந்தையையும் கில்லட்டினுக்குப் பறிகொடுத்தவர். ஆகவே மக்களாட்சி மேல் நம்பிக்கை இல்லாமல், மன்னராட்சிக்கு ஆதாரம் தேடிப் போனவர். சில மாதம் சுற்றிப்பார்த்துவிட்டு, அரசியல் சட்டம்தான் வேண்டும் என்ற முடிவோடு திரும்பினார்! 1843-இல் அவர் வெளியிட்ட நூல் ஐரோப்பாவெங்கும் பரபரப்பாக விற்றது. ரஷ்யாவில் தடை. ஜார் முதலாம் நிக்கலஸ் கடுங்கோபம் கொண்டார். அரசுக்கு வேண்டிய எழுத்தாளரான கிரேச் 1844-இல் மறுப்பு எழுதினார். எல்லாம் அதே மூன்று ஆயுதங்கள்தான்.

வாசற்படிப் பதிலும் கூடவே வந்தது. ரஷ்யச் சிந்தனையாளர் ஹெர்ட்சன் தன் நாட்குறிப்பில், ஓர் அந்நியர் ரஷ்யாவைப் பற்றி எழுதியவற்றில் இதுவே அறிவார்ந்த நூல் என்ற கருத்தில் எழுதி வைத்தார். நாட்குறிப்பில்! அச்சில் சொல்ல அவரால் முடியாது.

அச்சில் சொன்னவர் கதி என்ன ஆயிற்று? அதற்கு ஏழாண்டு முன்பே அது நடந்து முடிந்திருந்தது. சாதாயெவ் நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட ராணுவ அதிகாரி. அவருடைய தேசபக்தியை எவரும் குறை சொல்ல முடியாது. ரஷ்யா கிழக்கும் ஆகாமல் மேற்கும் ஆகாமல், மனிதகுலத்துக்கு எதையும் கொடுக்காமல் நிற்கிறது என்று அவர் எழுதிய கடிதம் 1836-இல் ஒரு மாஸ்கோ இதழில் வெளியானது. இதழ் மூடப்பட்டது. ஆசிரியர் நாடு கடத்தப்படாமல் நாட்டுக்குள்ளேயே வடக்குக் காட்டுப்பகுதிக்கு அனுப்பப்பட்டார். தணிக்கை அதிகாரியின் வேலை போயிற்று. சாதாயெவைச் சிறையில் போடவில்லை. இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஜார் அறிவித்து, வீட்டுக்கு வைத்தியரை அனுப்பி வைத்தார்! மறு ஆண்டு சாதாயெவ் "பைத்தியக்காரனின் தன்னிலை விளக்கம்" என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். கண்ணை மூடிக்கொண்டு தாய்நாட்டை நேசிக்கத் தமக்குத் தெரியாது என்பதே அதன் சாரம்.

இதைச் சற்று ஆழ்ந்து பாருங்கள். வெளியே இருந்து சொன்னால் எதிரி. உள்ளே இருந்து சொன்னால் பைத்தியம். அப்படியென்றால் யார்தான் சொல்வது?

புஷ்கினின் இரு மனம்

இந்தச் சிக்கலை ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டவர் மகாகவி புஷ்கின். 1826-இல் நண்பர் வியாசெம்ஸ்கிக்கு எழுதிய கடிதத்தில், தன் நாட்டின் மேல் தனக்கு அடிமுதல் முடிவரை வெறுப்புண்டு, ஆனால் ஒரு வெளிநாட்டுக்காரன் அதே உணர்வைக் காட்டினால் தனக்கு எரிச்சல் வருகிறது என்று எழுதினார். சாதாயெவ் கடிதம் வெளிவந்தபோது, சுற்றிலும் பார்ப்பதில் பலவும் தன்னைக் கசக்கச் செய்கின்றன, எனினும் தன் முன்னோரின் வரலாற்றை விட்டு வேறொரு வரலாறு தனக்கு வேண்டாம் என்று ஒரு பதில் எழுதினார். சாதாயெவுக்கு நேர்ந்ததைக் கேள்விப்பட்டு, அந்தக் கடிதத்தை அனுப்பாமல் வைத்துவிட்டார். நண்பன் விழுந்து கிடக்கும்போது வாதம் செய்யக் கூடாது என்ற பண்பு அது.

நம்மில் யாருக்குத்தான் இந்த உணர்வு இல்லை? நம் அண்ணன் தம்பியை நாம் திட்டலாம். எதிர்வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவோம். ரஷ்யரிடமும் ஒரு பழமொழி உண்டு: குடிசைக் குப்பையை வெளியே எடுத்துப் போகாதே என்று.

ஆனால் இதே புஷ்கினிடம்தான் இந்த உணர்வின் ஆபத்தும் தெரிகிறது. 1830-இல் போலந்து மக்கள் ஜார் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தார்கள். போலந்துக்கு உதவ வேண்டும் என்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் சிலர் முழங்கினார்கள். 1831-இல் புஷ்கின் ரஷ்யாவை அவதூறு செய்வோருக்கு என்று ஒரு கவிதை எழுதினார். இது ஸ்லாவ் இனத்தாருக்குள் நடக்கும் பங்காளிச் சண்டை, இதில் உங்களுக்கென்ன வேலை என்பது அதன் வாதம். அதே ஆண்டு செப்டம்பரில் வார்சா நகரம் ஜார் படையிடம் வீழ்ந்தது.

பங்காளிச் சண்டை என்று சொன்னவர் ரஷ்யர். போலந்துக்காரர் அப்படிச் சொன்னாரா? புஷ்கினோடு பழகிய போலந்துக் கவி மிக்கியேவிச், தன் ரஷ்ய நண்பர்களை விளித்து மனம் நொந்து ஒரு கவிதையில் பதில் சொன்னார். வியாசெம்ஸ்கியே தன் குறிப்பேட்டில் புஷ்கின் கவிதையைக் கண்டித்து எழுதினார். இங்கும் குறிப்பேடுதான்! ஒரு வீட்டுக்குள் நடப்பது என்று சொல்லுமுன், எதிரே நிற்பவரும் அதைத் தன் வீடாக நினைக்கிறாரா என்று கேட்டாக வேண்டும். கேட்காமல் போனால் என்னவாகும் என்பதைக் கட்டுரையின் கடைசியில் பார்ப்போம்.

சோவியத் காலம்: எண்ணிக்கையும் மௌனமும்

நம் தலைமுறை ரஷ்யாவை அறிந்தது சோவியத் புத்தகங்கள் வழியாகத்தான். நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் மலிவு விலையில் வாங்கி வந்த தமிழ் மொழிபெயர்ப்புகள், வழவழத் தாளில் "சோவியத் நாடு" இதழ். பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட அதைவிட நல்ல தாள் ஏது? தல்ஸ்தோயையும் செகாவையும் தமிழில் தந்த அந்த உழைப்புக்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அவற்றில் வராத செய்திகளும் இருந்தன.

1939 ஆகஸ்ட் 23-இல் ஹிட்லரின் ஜெர்மனியும் சோவியத் நாடும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, போலந்தையும் பால்டிக் நாடுகளையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும் இரகசியப் பிரிவும் அதில் இருந்தது. 1948 ஜனவரியில் ஜெர்மன் ஆவணங்களை அமெரிக்கா வெளியிட்டது. அடுத்த மாதமே மாஸ்கோவிலிருந்து "வரலாற்றைத் திரிப்போர்" என்ற தலைப்பில் பதில் வந்தது. ஸ்டாலினே கைப்படத் திருத்திய பதில். 1938-இல் மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவை ஹிட்லருக்குத் தாரை வார்த்தது நீங்கள்தானே, ஜெர்மன் தொழிற்சாலைகளுக்குக் கடன் கொடுத்தது நீங்கள்தானே என்று கேட்டது. கேள்விகள் நியாயமானவையே. ஆனால் இரகசியப் பிரிவைப் பற்றி அதில் மூச்சில்லை. அது இருந்ததை ஒப்புக்கொண்டு கண்டிக்க 1989 டிசம்பர் வரை ஆயிற்று.

காட்டின் படுகொலையும் அப்படித்தான். 1940-இல் ஏறத்தாழ 22,000 போலந்து அதிகாரிகளும் பிறரும் சோவியத் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அரை நூற்றாண்டு பழி ஜெர்மானியர் மேல் போடப்பட்டது. 1990 ஏப்ரலில் கொர்பசேவ் ஆட்சியில்தான் உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டது.

இந்த மறுப்புகளுக்குப் பின்னால் இருந்த துயரத்தையும் நாம் உணரவேண்டும். இரண்டாம் உலகப்போரில் சோவியத் மக்கள் சுமார் 2 கோடியே 70 லட்சம் பேர் மாண்டார்கள். லெனின்கிராடு மட்டும் 872 நாள் முற்றுகையில் பட்டினி கிடந்தது. அந்த வெற்றியை ஒரு வெளிநாட்டுக்காரர் குறைத்துப் பேசினால், அந்த வீட்டுப் பாட்டிக்கு அது அரசியல் விமர்சனமாகக் கேட்காது. செத்துப்போன பிள்ளையைப் பற்றிய பேச்சாகக் கேட்கும்.

அதே சமயம் இன்னொன்றும் உண்டு. 1946-இல் ஸ்டாலின் சொன்ன கணக்கு 70 லட்சம். 1961-இல் குருஷேவ் சொன்னது 2 கோடி. 1990-இல்தான் 2 கோடியே 70 லட்சம் என்று அரசு அறிவித்தது. ஆக, இறந்தவர்களைக் குறைத்துச் சொன்னது வெளியாரா? தன் மக்களின் சாவையே தன் மக்களிடமிருந்து மறைத்தது அவர்களுடைய அரசுதான்.

அமெரிக்கர் ஒருவர் சோவியத் நாட்டைக் குறை கூறினால், "உங்க நாட்டுல நீக்ரோக்களை அடிச்சுக் கொல்றீங்களே" என்று பதில் வரும். இதை வைத்துச் சோவியத் மக்களே நகைச்சுவைத் துணுக்குகள் சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பும் ஒரு வாசற்படிப் பதில்தான்.

மேற்கின் பங்கையும் விட்டுவிடக் கூடாது. 1951-இல் கூஸ்தீனின் பழைய நூல் அமெரிக்காவில் மறுபடி ஆங்கிலத்தில் வெளிவந்தது. முன்னுரை எழுதியவர் மாஸ்கோவில் தூதராயிருந்த வால்டர் பெடல் ஸ்மித். அப்போது அவர் சி.ஐ.ஏ.வின் தலைவர்! ரஷ்யர்கள் "உள்நோக்கம்" என்று சொன்னால் முழுக்கப் பொய் என்று எப்படித் தள்ளுவது? 1974-இல் நாடு கடத்தப்பட்ட சோல்ஷெனிட்சினும், சோவியத் ஆட்சியின் குற்றங்களை ரஷ்ய மக்களின் பிறவிக் குணமாக மேற்கத்திய அறிஞர்கள் காட்டுவதை வன்மையாக எதிர்த்தார். முகாம்களின் கொடுமையை உலகுக்குச் சொன்ன அவரே 1978-இல் ஹார்வர்டில் மேற்குலகின் குறைகளையும் முகத்துக்கு நேரே சொன்னார். கைதட்டியவர்கள் பலர் முகம் சுளித்தார்கள். விமர்சனம் கசப்பது ரஷ்யர்களுக்கு மட்டுமல்ல என்பதற்கு இது சாட்சி.

சட்டம் பதில் சொல்லத் தொடங்கியது

1991-க்குப் பின் கதவுகள் திறந்தன. ஆவணக் காப்பகங்களில் உறவினர் பெயரைத் தேடிப் போனவர்கள் ஏராளம். 2009-இல் சோல்ஷெனிட்சினின் "குலாக் தீவுக்கூட்டம்" பள்ளிப் பாடத்திட்டத்தில் சேர்ந்தது. அதே 2009-இல்தான் ரஷ்யாவின் நலனுக்கு எதிராக வரலாற்றைத் திரிப்பதைத் தடுக்க ஓர் ஆணையமும் அமைந்தது. 2012-இல் அது கலைக்கப்பட்டது. 2010 நவம்பரில் ரஷ்ய நாடாளுமன்றம், காட்டின் கொலைகள் ஸ்டாலினின் ஆணைப்படி நடந்தவை என்று தீர்மானம் நிறைவேற்றியது. இரண்டு குரல்களும் அப்போது ஒரே கூடத்தில் கேட்டன.

பிறகு ஒரு குரல் அடங்கியது. உலகப்போரில் சோவியத் நாட்டின் செயல்களைப் பற்றி அறிந்தே பொய் பரப்புவதைக் குற்றமாக்கும் சட்டம் 2014-இல் வந்தது. வரலாற்று உண்மையைக் காப்பது அரசின் கடமை என்று 2020-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். ஸ்டாலின் காலத்தில் மாண்டவர்களின் பெயர்களைத் திரட்டிவந்த "மெமோரியல்" அமைப்பைக் கலைக்க 2021 டிசம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சோவியத் நாட்டைப் பயங்கரவாத நாடாகச் சித்திரிக்கிறார்கள் என்பது அரசு வழக்கறிஞரின் வாதங்களில் ஒன்று. மறு ஆண்டு நோபல் அமைதிப் பரிசில் அந்த அமைப்புக்கும் பங்கு கிடைத்தது.

உக்ரேனியரும் ரஷ்யரும் ஒரே மக்கள் என்று 2021 ஜூலையில் புடின் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 2022 பிப்ரவரியில் படை நுழைந்தது. புஷ்கின் கவிதையின் பங்காளிச் சண்டை வாதம் நினைவுக்கு வருகிறதல்லவா? எதிரே இருப்பவரும் இதைத் தன் வீடாக நினைக்கிறாரா என்ற கேள்வி மறுபடியும் கேட்கப்படவில்லை. அடுத்த மாதமே, படையைப் பற்றிப் "பொய்த் தகவல்" பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்று சட்டமாயிற்று. சாதாயெவுக்கு வைத்தியரை அனுப்பினார்கள்; இப்போது போலீசை அனுப்புகிறார்கள்.

நம் வீட்டுக் கண்ணாடி

ரஷ்யர்களைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு நம்மைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனால் நியாயமில்லை. 1927-இல் அமெரிக்கப் பெண்மணி கேத்தரின் மேயோ "மதர் இந்தியா" என்ற நூலில் நம் நாட்டைக் கண்டபடி எழுதினார். நம்மவர்களும் அதே மூன்று ஆயுதங்களை எடுத்தோம். லாலா லஜபதி ராய் 1928-இல் ஒரு மறுப்பு நூலே எழுதி, அமெரிக்காவில் கறுப்பர்களை அடித்துக் கொல்வதை எடுத்துக்காட்டினார். அந்த நூல் வெள்ளையராட்சிக்கு வக்காலத்து வாங்கியதும் உண்மையே.

காந்திஜி என்ன செய்தார்? சாக்கடை இன்ஸ்பெக்டரின் அறிக்கை என்று சாடினார். அதோடு நிறுத்தவில்லை. அதே கட்டுரையில், இந்தியர் ஒவ்வொருவரும் இதைப் படித்தால் பயனுண்டு, குற்றச்சாட்டை அவர் அடுக்கியுள்ள விதத்தை மறுக்கலாம், அதன் அடியில் உள்ள உண்மையை மறுக்கக் கூடாது என்ற கருத்தையும் எழுதினார். அதே 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-இல் குழந்தை மணத் தடைச் சட்டம் வந்தது. மேயோ சொன்னதால் வந்ததல்ல. நம் சீர்திருத்தக்காரர்கள் பல்லாண்டு போராடியதால் வந்தது. ஆனால் வெளியார் திட்டிவிட்டார் என்பதற்காக அவர்கள் தங்கள் வாயை மூடிக்கொள்ளவில்லை. "இப்போ பேசினா எதிரிக்கு வசதியாப் போயிடும்" என்று யாரும் அவர்களைப் பைத்தியமாக அறிவிக்கவும் முடியவில்லை.

ரஷ்யர்களுக்கும் நமக்கும் ரத்தத்தில் வித்தியாசம் என்று நான் நினைக்கவில்லை. அங்கும் முத்துலட்சுமிகள் உண்டு. 2007 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 29-இல் மாஸ்கோவின் லுபியான்கா சதுக்கத்தில், கைதிகளின் தீவான சலவெத்ஸ்கியிலிருந்து கொண்டுவந்த ஒரு கல்லின் முன் மக்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் ஒலிபெருக்கியில் சுட்டுக் கொல்லப்பட்ட சிலரின் பெயர், வயது, தொழில் படிப்பார்கள். பலர் கடைசியில் தங்கள் தாத்தா பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கி இரவு பத்து வரை வரிசை நீளும். எந்த வெளிநாட்டுக்காரருக்கும் சொன்ன பதிலல்ல அது. பின்னர் அந்த இடத்தில் கூடுவதற்கு அனுமதி மறுக்கப்பட்டது.

எங்கள் வீட்டு வாசற்படியில் நின்ற அந்த ரஷ்யர் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிவிட்டார். அன்று இரவு அப்பா வெகுநேரம் தூங்கவில்லை. மறுநாள் காலை காபி குடிக்கும்போது அம்மாவிடம் சொன்னார்: "அந்த மனுஷன் கேட்டது நியாயம்தான். நம்ம ஊர்க் கிணத்துல எனக்குத் தெரிஞ்சே யாரையும் விட்டதில்லை. நான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அப்பா அதைச் சொன்னது வாசற்படியில் அல்ல, கூடத்தில். பிள்ளைகள் நாங்கள் நாலு பேரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது.